முகமெல்லாம் சுண்ணாம்பு: கேமராவோடு வரும் பிளாஷை எப்படி அடக்குவது?

கேள்வி இதுதான். சிங்கப்பூரில் செங்காங்கில் இருக்கும் ஒரு தம்பி பழைய நிக்கான் டி5300 கேமராவை செகண்ட் ஹேண்டாக வாங்கியிருக்கிறார். அக்காவின் வளைகாப்பை வீட்டிலேயே அதில் எடுத்தார். மேலே படக்கென்று எழும்பும் குட்டி பிளாஷ் அடித்ததில் அக்காவின் முகம் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துவிட்டது. நெற்றி பளபளக்கிறது, சுவரில் கருப்பு நிழல், பின்னால் இருந்தவர்கள் இருட்டில். “அண்ணே, டிஷ்யூ ஒட்டினால் சரியாகிவிடும் என்கிறார்கள், உண்மையா? தீபாவளிக்கு வீட்டில் நிறைய பேர் வருவார்கள். தனி பிளாஷ் வாங்க இப்போதைக்குக் கையில் காசு இல்லை” என்று கேட்டு ஆறு படங்களையும் அனுப்பியிருந்தார்.

தம்பி, ஆறு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாவற்றையும் பிளாஷ்தான் கெடுத்திருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகக் கெடுத்திருக்கிறது. முதல் படத்தில் வெளிச்சம் கூடிப்போய்விட்டது. மூன்றாவதில் முகத்தில் விழுந்த வெளிச்சத்தின் அளவு சரியாகவே இருக்கிறது, ஆனால் தலையின் நிழல் கத்தரித்து ஒட்டியது போலச் சுவரில் நிற்கிறது. அது கடுமை. ஐந்தாவதில் முன்னால் இருப்பவர் தெரிகிறார், பின்வரிசைப் பெரியவர்கள் காணாமல் போய்விட்டார்கள். அது தூரம் செய்த வேலை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. டிஷ்யூவை மட்டும் நம்பினால் மூன்றுமே தீராது.

முதலில் டிஷ்யூவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானே அதில் ஏமாந்தவன். ரொம்ப வருடம் முன்பு ஒரு நண்பர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு, பிளாஷ்மேல் டிஷ்யூவை மூன்று மடிப்பாக மடித்து டேப் போட்டு ஒட்டிக்கொண்டு போனேன். படங்களில் ஒரு மாற்றமும் இல்லை, மத்தியானத்துக்குள் பேட்டரிதான் தீர்ந்தது. காரணம் அப்புறம்தான் புரிந்தது. இன்றைய கேமராக்கள் படம் எடுப்பதற்கு முன் ஒரு சின்ன முன்வெளிச்சத்தை அடித்து, அது முகத்தில் பட்டு லென்ஸ் வழியாக எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளக்கின்றன. டிடிஎல் என்பது இதுதான். டிஷ்யூ குறுக்கே இருந்தால் குறைவாகத் திரும்பி வரும். கேமரா என்ன நினைக்கும்? வெளிச்சம் போதவில்லை என்று இன்னும் பலமாக அடிக்கும். நீங்கள் மறைத்ததை அது நிரப்பிவிடும். டிஷ்யூ வெளிச்சத்தை உண்மையில் குறைப்பது இரண்டே சமயங்களில்: பிளாஷ் தன் முழுபலத்தையும் கொட்டிவிட்ட பிறகு, அல்லது நீங்கள் மிகவும் நெருங்கி நின்று, பிளாஷ் இதற்குமேல் குறைக்க முடியாத அளவுக்கு ஏற்கெனவே குறைத்துவிட்டபோது. உங்கள் கேமராவில் பிளாஷ் ஒழுங்காக வேலை செய்யக் குறைந்தது 0.6 மீட்டர் இடைவெளி வேண்டும். முதல் படத்தில் அக்காவின் கன்னத்துக்குச் சந்தனம் பூசும்போது ஒரு முழ தூரத்தில் நின்றிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

சரி, வெளிச்சத்தின் அளவைக் குறைக்க வழி கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. பச்சை ஆட்டோவிலிருந்து டயலைத் திருப்பி பி அல்லது ஏ மோடுக்கு வாருங்கள், ஆட்டோவில் இதைத் தொடவே விடாது. பிறகு பிளாஷ் பக்கத்தில் மின்னல் குறி போட்ட பொத்தானையும், ஷட்டர் பக்கத்தில் இருக்கும் கூட்டல் கழித்தல் பொத்தானையும் சேர்த்து அழுத்திக்கொண்டு, கட்டைவிரலால் சக்கரத்தைச் சுற்றுங்கள். மூன்று விரலுக்கு வேலை, முதலில் வீணை வாசிப்பது போல இருக்கும், பழகிவிடும். நிக்கானில் இது +1 முதல் −3 வரை போகும். −1 என்றால் பாதி வெளிச்சம், −2 என்றால் கால் பங்கு. கேனன் வைத்திருப்பவர்கள் மெனுவுக்குள் போய் இதே காரியத்தைச் செய்யலாம்.

எவ்வளவு குறைப்பது? நம் வீடுகளுக்கு நான் −0.7இல் தொடங்குவேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. இரவு நேரம், பின்னணி இருட்டு, படத்தில் இருப்பவர் மாநிறம், உடுத்தியிருப்பது கரும்பச்சைப் பட்டு. இத்தனையும் சேர்ந்தால் கேமராவின் கண்ணுக்கு மொத்தக் காட்சியும் இருட்டாகத் தெரியும், உடனே பிளாஷைக் கூட்டும். விளைவு, நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வெந்துபோன வெள்ளை. விபூதிப் பட்டை மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடும். உங்கள் நான்காவது படத்தில் தாத்தாவின் நெற்றியைப் பாருங்கள், புரியும். எதிர்மாறாக, வெள்ளை வேட்டி சட்டையில் நாலு பேர் வரிசையாக நின்றால் அதே கேமரா பிளாஷைக் குறைத்துவிடும். அப்போது −0.7ஐ எடுத்து 0க்குக் கொண்டு வாருங்கள். (எங்கள் அத்தை ஒருவருக்கு வெளுத்த படம்தான் பிடிக்கும். “இதில்தான்டா நான் கலராக இருக்கிறேன்” என்பார். அவரிடம் டிடிஎல் பற்றிப் பேசிப் பயனில்லை. அவர் படத்தை மட்டும் 0இல் எடுத்துக் கொடுத்துவிடுவேன்.)

எடுத்த படத்தைத் திரையில் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். பிளேபேக் மெனுவில் ஹைலைட்ஸ் என்பதை டிக் செய்து வையுங்கள். வெந்துபோன இடமெல்லாம் கருப்பாக மின்னி மின்னிக் காட்டும். ஜரிகையும் மூக்குத்தியும் மின்னினால் விடுங்கள், அவை மின்னத்தான் செய்யும். கன்னம் மின்னினால் இன்னும் ஒரு படி குறையுங்கள்.

தீபாவளி வரை யாரையும் நிற்க வைத்துத் தொந்தரவு செய்யாமல் பழக ஒரு வழி சொல்கிறேன். தேக்கா சந்தையில் உரித்த தேங்காய் ஒன்று வாங்கி, அதை ஒரு குவளைமேல் முகம் உயரத்துக்கு நிறுத்துங்கள். நிறம் கிட்டத்தட்ட நம் தோல் நிறம், உருண்டை, கண்கூட ஒன்று அதிகமாகவே இருக்கிறது. ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று 0, −0.7, −1.3, −2 என்று நாலு படம் எடுங்கள். எது தேங்காய் மாதிரி இருக்கிறது, எது நிலா மாதிரி இருக்கிறது என்று பார்த்தாலே உங்கள் கேமராவின் குணம் தெரிந்துவிடும். அப்புறம் சட்னி அரைத்துக்கொள்ளலாம்.

இனி கடுமை. அளவைக் குறைத்தாலும் நிழலின் ஓரம் கத்தி போலத்தான் இருக்கும், ஏனென்றால் அது வெளிச்சத்தின் அளவைப் பொறுத்ததே இல்லை, வெளிச்சம் வரும் இடத்தின் பரப்பைப் பொறுத்தது. நண்பகல் வெயிலில் நிழல் கூர்மையாக விழும், மேகம் மூடினால் நிழலே தெரியாது. அதே சூரியன்தான். மேகம் வந்ததும் வானம் முழுவதும் விளக்காகிவிடுகிறது. உங்கள் பிளாஷின் கண்ணாடி ஒரு தபால்தலையைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். அதன்மேல் டிஷ்யூவை ஒட்டினால் விளக்கு இன்னும் அதே தபால்தலைதான். டிஷ்யூவை ஐந்து, ஆறு சென்டிமீட்டர் முன்னால் தள்ளி, ஒரு போஸ்ட்கார்டு அகலத்துக்கு விரித்துப் பிடித்தால்தான் விளக்கு பெரிதாகிறது. பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் ஆர்ட் ஃபிரண்ட் கடையில் டிரேசிங் பேப்பர் கிடைக்கும், டிஷ்யூவைவிட அது விறைப்பாக நிற்கும். வளைத்து, இரு முனையையும் பிளாஷின் இரு பக்கமும் ரப்பர் பேண்டால் கட்டினால் முன்னால் ஒரு தொப்பை போல வரும். பிளாஷோடு ஒட்டாமல் இருப்பது சூட்டுக்கும் நல்லது. தொடர்ந்து அடித்தால் அந்தக் குட்டி பிளாஷ் நன்றாகவே சூடாகும்.

சிலர் தயிர் டப்பாவை வெட்டி மாட்டுவார்கள். தவறில்லை, ஆனால் டப்பா சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும். சந்தன நிற டப்பாவை மாட்டினால் எல்லாருக்கும் மஞ்சள் காமாலை வந்துவிடும்.

இதையெல்லாம் செய்தாலும் போஸ்ட்கார்டு அளவு விளக்கு மேகம் ஆகிவிடாது. ஓரளவு மென்மை கிடைக்கும், அதுவும் நெருக்கத்தில்தான். உண்மையான மென்மை வேண்டுமானால் உங்கள் தலைக்குமேல் பார்க்கச் சொல்வேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் கூரை ஏறக்குறைய 2.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வெள்ளைப் பெயிண்ட் அடித்தது, மட்டமானது. பெரிய ஸ்டூடியோக்காரர்கள் காசு கொடுத்து வாங்கும் வெள்ளைப் பலகையை அரசாங்கம் உங்கள் தலைக்குமேல் இலவசமாகக் கட்டிக் கொடுத்திருக்கிறது. பிளாஷ் வெளிச்சத்தை அங்கே அனுப்பினால் கூரையே விளக்காகிவிடும், நிழல் கரைந்துவிடும்.

தனி பிளாஷ் என்றால் தலையை மேலே திருப்பலாம். உங்களுடையது திரும்பாது. ஆகவே ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை எடுங்கள், பின்பக்கம் வெள்ளையாக, தடித்த அட்டையாக இருப்பது. அதில் உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, வெள்ளைப் பக்கம் பிளாஷைப் பார்க்கும்படி, பிளாஷுக்கு முன்னால் 45 டிகிரி சாய்வாக நிறுத்துங்கள். கீழ் ஓரம் பிளாஷின் அடியில், மேல் ஓரம் முன்னோக்கிச் சாய்ந்து. கேமராவின் மேலே தனி பிளாஷ் மாட்டுவதற்கு இருக்கும் ஹாட் ஷூ தண்டவாளத்தில் அட்டையின் இரண்டு காதுகளைச் செருகினால் தானாக நிற்கும். நேராகப் போக வேண்டிய வெளிச்சம் அட்டையில் பட்டு மேலே ஏறி, கூரையில் பட்டு, மழை போல இறங்கும். அட்டையின் வெள்ளைப் பக்கத்தில் அலுமினியத் தாளை ஒட்டினால் இன்னும் பலமாக ஏறும். சோனி ஏ6000 வகைக் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையே இல்லை. அவற்றின் குட்டி பிளாஷை விரலால் பின்னுக்கு இழுத்துப் பிடித்தாலே கூரையைப் பார்க்கும்.

இதற்கு விலை உண்டு. வெளிச்சம் சுற்றிப் போவதாலும் கூரையில் சிதறுவதாலும் இரண்டு மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) காணாமல் போய்விடும். உங்கள் பிளாஷின் பலத்தைச் சொல்லும் கைடு நம்பர், ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) 100இல் 12 மீட்டர். அதாவது லென்ஸின் திறப்பை எஃப் 4இல் வைத்தால் 12ஐ 4ஆல் வகுத்து 3 மீட்டர் வரை எட்டும். ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றினால் எட்டும் தூரம் நாலு மடங்கு, 12 மீட்டர். அந்த உபரிதான் கூரைக்குக் கொடுக்க வேண்டிய வாடகை. ஆகவே கூரை வழி எடுக்கும்போது ஐஎஸ்ஓ 1600, லென்ஸை முடிந்தவரை திறந்து வையுங்கள், பிளாஷ் குறைப்பை 0க்கு மாற்றுங்கள். டி5300 ஐஎஸ்ஓ 1600ஐ அலட்டாமல் தாங்கும்.

இன்னொரு எச்சரிக்கை. நம் ஆட்களுக்குச் சுவரில் நிறம் வேண்டும். பிஸ்தா பச்சை, ரோஸ், மயில் கழுத்து நீலம். ஒருமுறை ஈசூனில் ஒரு வீட்டில் பிறந்தநாள் படம் எடுத்தபோது அட்டை கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி, வெளிச்சம் பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பியது. குழந்தைமுதல் கொள்ளுப்பாட்டிவரை எல்லாரும் பச்சையாக இருந்தார்கள். அட்டை நேராக மேலே பார்க்கட்டும். கோயில் மண்டபத்திலும் புளோக்கின் கீழ்த்தளத்திலும் இந்த வித்தையை முயலாதீர்கள். மண்டபத்தில் கூரை எட்டாது, கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் திறந்த வெளி, பாதி வெளிச்சம் கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விடும். அங்கே தொப்பைக் காகிதம்தான்.

சுவர் நிழலுக்கு மட்டும் ஒரு சுலப வழி இருக்கிறது: ஆட்களைச் சுவரிலிருந்து ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் முன்னால் அழைத்து வாருங்கள். நிழல் அவர்களுக்குப் பின்னால் கீழே இறங்கி ஒளிந்துகொள்ளும். நாம்தான் எல்லாரையும் சுவரோடு சுவராக ஒட்ட வைத்து எடுக்கிறோம், ஏதோ அடையாள அணிவகுப்பு மாதிரி.

அடுத்தது தூரம், ஐந்தாவது படத்தின் கதை. வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்தில் குறைகிறது. ஒரு மீட்டரில் இருக்கும் மாமாவுக்குக் கிடைப்பதில் மூன்று மீட்டரில் இருக்கும் சித்தப்பாவுக்கு ஒன்பதில் ஒரு பங்குதான் கிடைக்கும். சாப்பாட்டு மேசையை ஒரு முனையிலிருந்து எடுத்தால் முதல் ஆள் வேகிறார், கடைசி ஆள் கரி. இதை எந்த டிஷ்யூவும் சரி செய்யாது. பின்னால் போய் நின்று ஜூம் செய்யுங்கள். உங்களிடமிருந்து மூன்று மீட்டரில் முதல் ஆளும் நாலு மீட்டரில் அடுத்த ஆளும் இருந்தால் வித்தியாசம் இரண்டு மடங்குக்கும் குறைவு, கண் அதைப் பொறுத்துக்கொள்ளும். வரிசையை மேசையின் நீளப்பக்கத்திலிருந்து எடுத்தாலும் எல்லாரும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் வருவார்கள்.

இடமில்லை, வீடு சின்னது என்பீர்கள். அப்போதுதான் ஸ்லோ சிங்க் கை கொடுக்கும், தீபாவளிக்கு உங்களுக்கு மிகவும் தேவைப்படப்போவதும் அதுதான். சாதாரணமாக பிளாஷ் எழும்பியதும் கேமரா ஷட்டரை 1/60 விநாடிக்குமேல் திறந்து வைக்காது, பக்கத்தில் எரியும் வீட்டு விளக்கு படத்தில் பதிய நேரம் போதாது, பின்னணி கருத்துவிடும். மின்னல் பொத்தானை அழுத்திக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினால் ஸ்லோ என்று வரும். அதை வைத்தால் ஷட்டர் தேவையான அளவு நேரம் திறந்திருக்கும், அறையின் வெளிச்சமும் உள்ளே வரும், பிளாஷ் முகத்துக்கு ஒரு கைத்தூக்கு மட்டும் கொடுக்கும். சிராங்கூன் சாலையில் தீபாவளி ஒளியலங்காரத்துக்குக் கீழே குடும்பத்தை நிறுத்தி எடுக்கும் படங்களில் பாதி, ஏதோ இருட்டுக் காட்டில் எடுத்தது போல இருப்பதற்குக் காரணம் இது இல்லாததுதான். ஐஎஸ்ஓ 1600, எஃப் 4, ஷட்டர் 1/30 பக்கம், பிளாஷ் −1.7. அலங்கார வளைவும் தெரியும், முகமும் தெரியும். குழந்தைகள் ஓடினால் பின்னால் கொஞ்சம் பேய் போல இழுபடும், ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஸ்லோ சிங்கில் ஒரு நிறப் பிரச்சினை வரும். பிளாஷ் பகல் வெளிச்ச நிறம், சுமார் 5500 கெல்வின். வீட்டில் மஞ்சள் வெளிச்ச பல்பு 3000 பக்கம். முகம் வெளிறிய நீலமாகவும் பின்னால் சோபா ஆரஞ்சாகவும் இருக்கும். பூச்செண்டு சுற்றி வரும் இளம் ஆரஞ்சு செலஃபேன் தாளில் ஒரு துண்டு வெட்டித் தொப்பைக் காகிதத்தின் உள்பக்கம் வைத்து, கேமராவின் நிறச் சரிக்கட்டலான ஒயிட் பேலன்ஸை இன்கேண்டசென்ட்டுக்கு (மஞ்சள் பல்பு) மாற்றுங்கள். இரண்டும் ஓரளவு சேர்ந்துவிடும். குத்துவிளக்கு ஏற்றும் தருணத்துக்கு இதுகூட வேண்டாம், பிளாஷை மூடிவிடுங்கள். அந்தச் சுடர் வெளிச்சத்தை எந்த பிளாஷும் மேம்படுத்தியதில்லை.

பளபளக்கும் நெற்றிக்கு வருகிறேன். அது பாதி பிளாஷ், பாதி நம் ஊர் புழுக்கம். லிஃப்ட்டிலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்தவுடன் எடுத்தால் வியர்வை கண்ணாடி மாதிரி வேலை செய்யும். டிஷ்யூவை பிளாஷில் ஒட்டுவதைவிட அக்காவின் நெற்றியில் ஒற்றி எடுங்கள், பலன் உடனே தெரியும். சாமி படங்களின் கண்ணாடியில் வெள்ளைப் பொட்டாக பிளாஷ் தெரிவதற்கு, நேர் எதிரே நிற்காமல் ஓர் எட்டு பக்கவாட்டில் நகர்வதே போதும். மூக்குக்கண்ணாடி போட்டவர்களைத் தாடையைக் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கள். லென்ஸ் ஹூட்டைக் கழற்றிவிடுங்கள், உங்கள் இரண்டாவது படத்தின் அடியில் தெரியும் அரைவட்ட நிழல் அதனுடையதுதான்.

ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பிளாஷ் அடங்கவில்லை என்று யாராவது கேமராவைத் திறந்து பார்க்கச் சொன்னால் கேட்காதீர்கள். பிளாஷுக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும், பேட்டரியைக் கழற்றின பிறகும் உடனே போகாது.

காசு சேர்ந்ததும் சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் பழைய கேமரா கடைகளை ஒரு சுற்று சுற்றுங்கள். தலை மேலே திரும்பும் சின்ன பிளாஷ் எதுவானாலும் சரி, நிக்கான் டிடிஎல்லோடு பேசுமா என்று மட்டும் உங்கள் கேமராவில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். பெரிய பிளாஷ் வேண்டாம், வீவக கூரைக்குச் சின்னதே தாராளம்.

எடுத்துவிட்ட வளைகாப்புப் படங்களைக் காப்பாற்ற முடியுமா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ஜேபெக்கில் எடுத்திருப்பதால் முழுக்க வெந்த இடத்தில் திரும்பக் கொண்டுவர ஒன்றும் இல்லை. இழுத்தால் சாம்பல் திட்டுதான் வரும். ஆனால் இரண்டாவதும் ஆறாவதும் அவ்வளவு மோசமில்லை. ஹைலைட்டைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். ஆறாவதில் அம்மா வளையல் அடுக்கும் கை முழுசாக இருக்கிறது, வெந்திருப்பது அக்காவின் நெற்றி ஓரம் மட்டும்தான். அதை வெட்டிவிட்டுக் கைகளை மட்டும் வைத்துக்கொண்டாலும் படம் நிற்கும்.